கமடோர் 64 கார்ட்ரிட்ஜை டிஸ்க் இமேஜாக்க: முன்னால் 2 பைட், பின்னால் ஒரு சிஸ் (SYS) கட்டளை

1980-களின் வீட்டுக் கணினியான கமடோர் 64-இன் 8 கேபி கார்ட்ரிட்ஜிலிருந்து எடுத்த ரோம் (ROM) கோப்பு (கார்ட்ரிட்ஜ் ரீடர் தரும் வெறும் தரவு) சரியாக 8,192 பைட் இருக்கும். அதன் தொடக்கத்தில் ஹெக்ஸ் எடிட்டரில் 0, 128 என்று இரண்டு பைட் சேர்த்து, பிஆர்ஜி (கமடோர் நிரல்) கோப்பாக டி64 இமேஜில் (ஃப்ளாப்பி டிஸ்க்கின் நகல் கோப்பு) போடுங்கள். 33 பிளாக்தான் பிடிக்கும். லோட் கட்டளையில் ,8,1 கொடுத்து ஏற்றி, சிஸ் 64738 அடித்தால் விளையாட்டு ஓடும்.

காரணம்: அந்த இரண்டு பைட்டும் கோப்பை 32768-ஆம் முகவரியில் உட்கார வைக்கின்றன. 64738 ரீசெட் வழி. அது 32772-இல் 195, 194, 205, 56, 48 இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் கார்ட்ரிட்ஜ் செருகியிருப்பதாகவே எடுத்துக்கொள்ளும்.

கடலூர், புதுச்சேரி உப்புக் காற்றில் கார்ட்ரிட்ஜின் செம்பு விளிம்பு பச்சை பூத்து, ரீடர் தவறாகப் படிக்கலாம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள், உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். மின்சாரத்தை நிறுத்தி, கழற்றிச் செருகி, இரண்டாம் முறையும் படித்து இரு கோப்புகளின் எம்டி5 (கோப்பின் கைரேகை போன்ற சரிபார்ப்பு எண்) ஒப்பிடுங்கள். கழற்றாமல் படித்தால் அதே தவறு அப்படியே திரும்ப வரும்.

16 கேபி கார்ட்ரிட்ஜுக்கு இது பலிக்காது, மேல் பாதி பேசிக் ரோமுக்கு (கணினியிலேயே உள்ள பேசிக் மொழியின் ரோம்) அடியில் மறைந்துவிடும். பேங்க் மாற்றும் (ரோமைப் பகுதி பகுதியாக மாற்றிக் காட்டும்) வகைக்கும் ஆகாது. தன் முகவரியிலேயே எழுதிப் பார்க்கும் விளையாட்டு, டிஸ்க்கிலிருந்து ஏற்றினால் தன்னையே அழித்துக்கொண்டு நின்றுவிடும்.