கோடை நாடகமா? ஏசியை முன்னாடியே போடுங்கள்
சின்ன ஸ்டூடியோ அரங்கு என்றால், பார்வையாளரை உள்ளே விட ஒரு மணி நேரம் முன்பே ஏசியை 20 டிகிரியில் ஓடவிட்டு, அதுவரை மேடை விளக்குகளைத் தொடாமல் டியூப்லைட்டிலேயே வேலையை முடியுங்கள். உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள் சுமார் 100 வாட் சூடு விடுகிறார், 60 பேர் என்றால் 6 கிலோவாட், ஒன்றரை டன் ஏசி ஒன்றுக்கு அதுவே அதிகம், மேலே 1000 வாட் பார் (PAR) வகை மேடை விளக்குகளும் எரிந்தால் கேட்கவே வேண்டாம். சுவரும் கருப்புத் திரையும் முன்பே குளிர்ந்திருந்தால், மெதுவாகப் பேசும் காட்சியில் இரைச்சல் போடும் ஏசியைக் கொஞ்ச நேரம் நிறுத்தினாலும் தாங்கும். எல்இடி விளக்குகள் என்றால் பாதிக் கவலை இல்லை. தகரக் கூரையும் மின்விசிறியும் மட்டும் உள்ள இடத்தில் இது எடுபடாது, அங்கே காட்சியை இரவு ஏழரைக்குத் தள்ளுங்கள்.