விவசாயி பலகைக்குக் கீழே ஊட்டி கேரட்: வாரச்சந்தை நடத்துபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மே மாதம் சென்னை ஓஎம்ஆர் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் புதிதாகத் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமைச் சந்தையைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். பந்தல், தண்ணீர், வண்டி நிறுத்த இடம் எல்லாம் நல்ல ஏற்பாடு. ஆனால் 'திருவள்ளூர் விவசாயியின் நேரடி விற்பனை' என்ற பலகைக்குக் கீழே, மண் ஒட்டாமல் கழுவிப் பளபளத்த ஊட்டி கேரட் குவிந்திருந்தது. கத்திரி வெயிலில் திருவள்ளூரில் ஏது கேரட்? நடத்துகிற பிள்ளைகளிடம் கேட்டால், "அவர் விவசாயிதான் அங்கிள், பட்டா காட்டினாரு" என்றார்கள். எட்டு வருடத்துக்கு முன் எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையைத் தொடங்கியபோது நாங்களும் இதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். அதனால்தான் எழுதுகிறேன். நிழல், கழிப்பறை, சில்லறை மாதிரி விஷயங்களை முதல் இரண்டு வாரத்தில் நீங்களே சரிசெய்துவிடுவீர்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

யார் விற்கலாம் என்று எழுதி வைக்காமல் தொடங்குவது

நாங்கள் தொடங்கியபோது எங்களுக்கு இருந்தது ஒரே பயம், கடை காலியாகக் கிடந்தால் ஜனம் அடுத்த வாரம் வராது என்பது. கேட்டவர்களையெல்லாம் சேர்த்துக்கொண்டோம். உத்திரமேரூர் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். நிலம் இருந்தது நிஜம். முதல் இரண்டு மாதம் அவர் தோட்டத்துக் கத்தரியும் வெண்டையும்தான் வந்தன. மூன்றாவது மாதம் பீட்ரூட், கோஸ், கேரட் எல்லாம் சேர்ந்துகொண்டன. வாங்குபவர்களுக்கு எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்ததில் சந்தோஷம், எங்களுக்குக் கூட்டம் கூடியதில் சந்தோஷம், ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அப்புறம் கத்தரியையும் கோயம்பேட்டிலேயே மூட்டையாக எடுத்து வந்து கிலோ 40 ரூபாய்க்குப் போட ஆரம்பித்தார்.

மதுராந்தகம் பக்கத்து அக்கா ஒருவர் தன் கத்தரியை 60 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தார். ஒன்று பெரிது, ஒன்று சிறிது, பத்தில் இரண்டில் புழு ஓட்டை இருக்கும், ஆனால் காம்பு பச்சையாக, முள் குத்துகிற மாதிரி இருக்கும். அரைக்கீரையை வாழைநாரில் கட்டிக் கொண்டுவருவார். இரண்டு ஞாயிறு பாதிக் கூடையைத் திரும்ப எடுத்துப் போனார், மூன்றாவது ஞாயிறு வரவில்லை. போன் செய்தேன். "வண்டி வாடகைக்கே கட்டுப்படி ஆகல சார், இங்கயே கூடைக்காரம்மாகிட்ட போட்டுடறேன்" என்றார். யாரைப் பற்றியும் ஒரு குறை சொல்லவில்லை. அவருக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர் நின்றுவிட்டார்கள். யாருக்காகச் சந்தையைத் தொடங்கினோமோ அவரையே கிளப்பிவிட்டோம், இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை. அந்த உத்திரமேரூர்க்காரரைத் திட்டவும் முடியாது, வாங்கி விற்கக் கூடாது என்று நாங்கள் எங்கேயும் எழுதி வைக்கவில்லையே.

பட்டா, நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதைத்தான் சொல்லும். என்ன பயிர் என்பதற்கு, கிராம நிர்வாக அலுவலரின் பயிர்ப் பதிவேடான அடங்கலைக் கேளுங்கள். அதைவிட முக்கியம், சேர்ப்பதற்கு முன் ஒரு முறை வயலுக்குப் போய்விடுங்கள். 1999-இல் மதுரையில் தொடங்கிய அரசு உழவர் சந்தையிலேயே சாகுபடியைச் சரிபார்த்துத்தான் விவசாயிக்கு அடையாள அட்டை தருகிறார்கள். நாம் ஒரு நாள் பஸ் ஏறிப் போவதற்கு என்ன? போகும்போது ஒன்றைக் கேளுங்கள். வெண்டையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தாக வேண்டும், விட்டால் முற்றி நாராகிவிடும். ஞாயிறு மட்டும் நம்மிடம் வருகிறவர் மற்ற நாள் பறிப்பை எங்கே போடுகிறார்? நிஜமாகப் பயிர் வைத்தவர் எந்த மண்டி, போன வாரம் என்ன விலை போனது என்பது வரை மளமளவென்று சொல்லிவிடுவார்.

இப்போது எங்கள் விதி இதுதான். ஒவ்வொரு பருவமும் ஆரம்பத்திலேயே பயிர்ப் பட்டியல் கொடுத்துவிட வேண்டும், அதில் இல்லாத காய் வந்தால் அப்போதே கடையிலிருந்து இறக்கிவிடுவோம். பக்கத்து வயல்காரர் காயைக் கொண்டுவரலாம், ஆனால் அவர் பெயரும் ஊரும் பலகையில் இருக்க வேண்டும். கேரட், உருளை இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு ஒரே ஒரு கடை, அதில் பெரிதாக 'கோயம்பேடு காய்' என்று எழுதியிருக்கும், அதிலும் வியாபாரம் நன்றாகவே நடக்கிறது. விதியை மீறினால் முதல் முறை எச்சரிக்கை, இரண்டாம் முறை இரண்டு வாரம் நிறுத்தம், மூன்றாம் முறை இடம் கிடையாது. சேரும் நாளிலேயே இதைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். பழகிப்போன பிறகு போய்க் கேட்டால் சண்டையில்தான் முடியும்.

உங்கள் உறவினருக்குக் கடை

கொடுக்காதீர்கள்.

'இயற்கை' என்று யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ள விடுவது

பிஜிஎஸ் சான்று (இயற்கை விவசாயிகள் குழுவாக ஒருவர் வயலை ஒருவர் பார்த்துத் தரும் சான்று) வைத்திருப்பவர் அதைக் கடையில் மாட்டட்டும். இல்லாதவரிடம் 'இயற்கை' என்ற ஒற்றை வார்த்தைக்குப் பதில், போட்டது என்ன, தெளித்தது என்ன என்று எழுதச் சொல்லுங்கள். 'தொழுவுரம், பஞ்சகவ்யா, வேப்பெண்ணெய்க் கரைசல்' என்று ஒருவர் சாக்பீஸில் எழுதி வைத்தார், அவர் கடையில்தான் நின்று பேசுகிறவர்கள் அதிகம்.

ஊறுகாய், மரச்செக்கு எண்ணெய்

விளைந்ததை அப்படியே விற்கும் விவசாயிக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டம் விலக்கு தருகிறது. அதையே ஊறுகாயாகவோ எண்ணெயாகவோ ஆக்கினால் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எப்எஸ்எஸ்ஏஐயின் பதிவு வேண்டும். சிறு தயாரிப்பாளருக்கு வருடத்துக்கு 100 ரூபாய்தான். விண்ணப்பிக்க நீங்களே உடன் உட்கார்ந்து உதவுங்கள், செய்து தராமல் பதிவு எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தால் அவர்கள் வராமல் போய்விடுவார்கள்.

தராசு

மின்னணுத் தராசுக்கு வருடா வருடம் அரசு முத்திரை. இல்லாவிட்டால் அன்று விற்க முடியாது.

பிளாஸ்டிக் பை

2019 ஜனவரி 1 முதல் தடை. வாசலிலேயே மஞ்சப்பை வையுங்கள்.

மழைக்கு விதி இல்லாமல் இருப்பது

ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் மழையால் சந்தையை நிறுத்த வேண்டிய நாள் கட்டாயம் வரும். ஒரு சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு, நாளைக்குச் சந்தை இல்லை என்று செய்தி அனுப்பினோம். கீரையை மாலையே அறுத்துவிடுவார்கள் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அறுத்த கீரையை என்ன செய்ய முடியும்? இப்போது முடிவைச் சனிக்கிழமை மதியம் 12 மணிக்குள் சொல்லிவிடுகிறோம். அதற்கு மேல் நிறுத்த வேண்டி வந்தால் அறுத்த கீரையைச் சந்தைப் பணத்திலிருந்து நாங்களே வாங்கிக்கொள்கிறோம். போன கார்த்திகையில் இரண்டு முறை அப்படி வாங்கினோம், இரண்டு முறையும் வாட்ஸ்அப்பில் சொல்லிக் குடை பிடித்துக்கொண்டு வீடு வீடாகக் கொடுத்து அன்றே தீர்த்தோம்.