மண்கட்டி கரைகிறதா, கலங்குகிறதா?

போன வாரம் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த மாணவி, செம்மண் கட்டிகளை மரச்சுத்தியால் தட்டி 2 மி.மீ. சல்லடையில் சலித்துக்கொண்டிருந்தார். சத்துப் பரிசோதனைக்கு அதுதான் முறை. ஆனால் அந்த மாதிரி வந்தது மண்ணின் கட்டமைப்பைப் பார்க்க. பார்க்க வேண்டியதே தூளாகிவிட்டது. முதல் வருடம் நானும் இதைச் செய்திருக்கிறேன். மண்ணின் கட்டமைப்பைச் சோதிக்கும்போது செய்யக்கூடாத இன்னும் சில கீழே.

‘கரைகிறது’ என்று எழுதுவது

நோட்டில் இந்தச் சொல்லைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும். காய்ந்த கட்டிக்குள் தண்ணீர் சட்டென்று புகுந்தால், உள்ளே சிக்கிய காற்று நெருக்குண்டு கட்டியை உடைக்கும். துணுக்கு துணுக்காகச் சரியும். தண்ணீர் தெளிவாகவே இருக்கும். இது உதிர்தல். களித்துகள்களில் சோடியம் மிகுந்திருந்தால் அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகி, கட்டியைச் சுற்றிப் பால்போலப் படரும். இது கலங்குதல். கலங்கும் களர் மண்ணுக்கு ஜிப்சம். அதிலுள்ள கால்சியம் சோடியத்தை வெளியேற்றும். உதிரும் மண்ணுக்குத் தொழு உரம், பசுந்தாள் உரமான தக்கைப்பூண்டு, மூடாக்கு.

ஒருவர் கம்பு விதைத்திருந்தார். மழை பெய்து வெயில் அடித்ததும் மேல்மண் ஓடுபோல இறுகி, முளை உள்ளேயே வளைந்து கிடந்தது. கட்டியைத் தண்ணீரில் போட்டேன். ‘கரைகிறது’ என்று எழுதி, ஜிப்சம் போடச் சொன்னேன். கடன் வாங்கி லாரியில் இறக்கினார். அடுத்த மழைக்கும் அதே ஓடு. “நீங்க சொன்னதைத்தானே சார் போட்டேன்” என்றார். மீதமிருந்த பழைய கட்டியை எடுத்து, கண்ணாடித் தட்டில் மறுபடி போட்டேன். ஒரு நிமிடத்தில் குவியலாகச் சரிந்தது. தட்டின் அடியில் இருந்த தாளின் எழுத்தைத் தண்ணீர் வழியாகவே படிக்க முடிந்தது. கலங்கல் துளிகூட இல்லை. அந்தக் கடனை அவர் இரண்டு வருடம் கட்டினார்.

கட்டியைத் தண்ணீரில் போட்டு, உதிர்கிறதா கலங்குகிறதா என்று பிரித்துப் பார்க்கத்தான் ஆஸ்திரேலிய ஆய்வாளர் எமர்சன் 1967-இல் வெளியிட்ட முறை இருக்கிறது. செலவே இல்லை. ஆனால் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். 2 மணி நேரம் கழித்துப் பாருங்கள், மறுநாளும் பாருங்கள். கலங்கல் மெதுவாகவும் வரும். வராவிட்டால், மண்ணை ஈரமாகப் பிசைந்து உருட்டி இன்னொருமுறை போடுங்கள். உழவும் மழைத்துளியும் வயலில் செய்வது அதுதான்.

போர்த்தண்ணீர்

இந்தச் சோதனைக்கு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள உப்பு கலங்கலை மறைத்துவிடும். காய்ச்சி வடித்த நீர் மட்டும்.

சூட்டடுப்பு

கட்டியை அதில் உலர்த்தாதீர்கள். நிழலில் காயவிடுங்கள்.

மணலைக் கழிக்காமல் விடுவது

யோடர் 1936-இல் கொண்டுவந்த ஈரச்சல்லடை முறையில் (மண்ணைத் தண்ணீருக்குள் சலிப்பது), 0.25 மி.மீ. சல்லடையில் நிற்பதெல்லாம் மண்திரள், அதாவது துகள்கள் ஒட்டிச் சேர்ந்த சிறு கட்டி, அல்ல; பருமணலும் நிற்கும். நின்றதைச் சோடியம் ஹெக்ஸாமெட்டாபாஸ்பேட் கரைசலில் பிரித்து, மிஞ்சும் மணலின் எடையைக் கழியுங்கள். இல்லாவிட்டால் வெறும் மணற்பாங்கான செம்மண்கூட உங்கள் அட்டவணையில் உறுதியான மண்ணாக நிற்கும்.