ஒன்டாரியோ உயர்நிலைப் பள்ளியில் மன்றங்களும் இசைக்குழுக்களும்: குமரி மாவட்டத்திலிருந்து புதிதாக வருபவர்களுக்கு

நாகர்கோவிலிலிருந்தோ மார்த்தாண்டத்திலிருந்தோ ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையுடன் டொராண்டோ பக்கம் வந்து குடியேறும் பெற்றோர் முதலில் விசாரிப்பது கணக்கு டியூஷனைத்தான். நானும் அதைத்தான் விசாரித்தேன். செப்டம்பர் மாதம் அந்த அலைச்சலிலேயே கழிந்ததால், என் மகள் சேர ஆசைப்பட்ட இசைக்குழுவின் ஆடிஷன் முடிந்துபோய், அவள் ஓராண்டு காத்திருக்க நேர்ந்தது. இங்கே செப்டம்பர் முதல் திங்களன்று வரும் தொழிலாளர் தினம் கழிந்து பள்ளி திறக்கும் முதல் சில வாரங்களில்தான் மன்றங்கள் மேசை போட்டு ஆள் சேர்ப்பதும், ஆடிஷன் தேதிகள் ஒட்டப்படுவதும் பெரும்பாலும் நடக்கும் என்பதால், காலை அறிவிப்புகளைக் கவனித்துக் கேட்கும்படி பிள்ளையிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள்.

நம் ஊர்ப் பள்ளிகளில் என்.சி.சி.யும் என்.எஸ்.எஸ்.ஸும் ஆசிரியர் பொறுப்பில் நடப்பவை. இங்கே ரோபோட்டிக்ஸ், விவாதம், சதுரங்கம் போன்ற மன்றங்களைப் பெரும்பாலும் மாணவர்களே நடத்துவார்கள். மேற்பார்வைக்கு ஓர் ஆசிரியர் இருப்பார். அவர் அதைத் தம் விருப்பத்தின் பேரில் செய்கிறார் என்பதை மறக்க வேண்டாம்: அரசுக்கும் ஆசிரியர் சங்கங்களுக்கும் பிணக்கு முற்றிய 2012-13 கல்வியாண்டில், ஆசிரியர்கள் ஒதுங்கிக்கொண்டதால் பல பள்ளிகளில் இந்த நடவடிக்கைகள் நின்றுபோயின.

இசையில் இரண்டு வழிகள் உண்டு. பாடவேளையில் படிக்கும் இசை வகுப்பு, உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்ததற்கான பட்டயத்துக்குக் கட்டாயமான கலைப் பாடமாகக் கணக்கில் சேரும். பள்ளி தொடங்கும் முன்போ முடிந்த பின்போ கூடும் கான்செர்ட் பேண்ட் (ஊதுகருவிகளும் தாளக்கருவிகளும் சேர்ந்த குழு), ஜாஸ் பேண்ட், பாடகர் குழு ஆகியவை பொதுவாகத் தனி.

தேவாலய ஆராதனையில் நான்கு குரலில் பாடிப் பழகிய நம் பிள்ளைகளுக்குப் பாடகர் குழு அந்நியமாகத் தோன்றாது. கிறிஸ்தவ சபையான இரட்சணிய சேனையின் பேண்டில் கார்னெட்டோ யூஃபோனியமோ ஊதியவர் என்றால் இசை ஆசிரியரிடம் கூச்சப்படாமல் சொல்லட்டும். அவருக்கு அது நல்ல செய்தி. கீபோர்டு மட்டும் தெரிந்தவர்களுக்குத்தான் சிக்கல், ஏனெனில் ஒரு பேண்டுக்குப் பியானோ வாசிக்க ஓரிருவரே போதும். அவர்கள் டிரம்போன், டியூபா, பிரெஞ்சு ஹார்ன் என்று ஆள் குறைவான கருவி ஒன்றைக் கேட்டு வாங்குவதே புத்திசாலித்தனம். கிளாரினெட்டில் 'சி' என்று எழுதியிருப்பதை வாசித்தால் பியானோவின் 'பி ஃபிளாட்' ஒலிப்பது முதல் வாரம் குழப்பும், பிறகு பழகிவிடும். சம்மணமிட்டு, தலைப்பகுதியைக் காலில் ஊன்றி, ச-ப-ச-ப என்று சுருதி சேர்த்துக் கர்நாடக வயலின் கற்ற பிள்ளை, கருவியைத் தாடைக்கடியில் பிடிப்பதையும் ஜி-டி-ஏ-ஈ என்று தந்தி கட்டுவதையும் புதிதாகப் பழக வேண்டியிருக்கும். காது பழகியிருப்பதால், தாளைப் பார்த்து வாசிப்பதில்தான் அதிகப் பாடுபட வேண்டிவரும்.

டியூபா போன்ற பெரிய கருவிகளைப் பள்ளியே வைத்திருப்பது வழக்கம். சிறியவற்றை இசைக்கருவிக் கடைகளில் மாத வாடகைக்கு எடுக்கலாம். பிள்ளை ஒரு பருவம் தாக்குப்பிடிக்கும் வரை சொந்தமாக வாங்காதீர்கள். கிளாரினெட், சாக்ஸபோன் ஊதுபவர்களுக்கு ரீடு (ஊதும் முனையில் பொருத்தும் மெல்லிய நாணல் பட்டை) அடிக்கடி உடையும் என்பதால் அந்தச் செலவு தனி. கட்டணம் கட்ட இயலாவிட்டால் ஆசிரியரிடமோ அலுவலகத்திலோ நேரில் சொல்லலாம். அதில் தலைகுனிவு ஏதும் இல்லை.

பட்டயம் பெற 40 மணி நேரச் சமூக சேவையும் முடித்திருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்புக்கு முந்திய கோடையிலேயே அதைத் தொடங்கலாம். பேண்ட் ஒத்திகை அதில் சேரும் என்று நீங்களாக எண்ணிக்கொள்ளாமல், எது சேரும் என்பதை வழிகாட்டி ஆலோசகரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒத்திகை முடியும்போது பள்ளிப் பேருந்து போயிருக்கும். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். ஆதலால், யார் வந்து அழைத்துப் போவது என்பதை அக்கம்பக்கத்துப் பெற்றோருடன் பேசி முறை வைத்துவிட்டு, அதற்குப் பிறகு சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள்.