சாஃப்ட் டாப்பின் பின்பக்க ஷீட்டை மாற்றும்போது சொதப்பும் இடங்கள்

துணிக்கூரை (சாஃப்ட் டாப்) போட்ட மாருதி ஜிப்சியோ பழைய மஹிந்திரா தாரோ வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், சென்னை வெயிலில் டாப் துணிக்கு முன்பே, பின்பக்கக் கண்ணாடிக்குப் பதிலாக இருக்கும் பிளாஸ்டிக் ஷீட் போய்விடும். அது பிவிசி. அதை வளைய வைக்கும் ரசாயனம் மெல்ல மெல்ல வெளியேறி, ஷீட் மஞ்சளாகி, விறைத்து, ஒருநாள் மடிப்பில் கீறிவிடும். துணி நன்றாக இருந்தால் ஷீட்டை மட்டும் மாற்றினால் போதும்.

பெரும்பாலும் தப்பு நடப்பது அளவில்தான். பழைய ஷீட்டை அறுத்தெடுத்து, புதியதன் மேல் வைத்து வரைந்து அப்படியே வெட்டிவிடுவார்கள். பழையது சுருங்கியிருக்கும் என்று யாரும் யோசிப்பதில்லை. அந்த அளவில் தைத்தால் டாப்பைப் பூட்டும்போது கொக்கி எட்டாது. இழுத்துப் பூட்டினால் தையல் பிரியும். எனவே எதையும் அறுக்கும் முன், டாப் வண்டியில் இறுக்கமாகப் பூட்டியிருக்கும்போதே அகலம், உயரம், இரண்டு மூலைவிட்டங்கள் எல்லாவற்றையும் அளந்துவிடுங்கள். துணியிலும் புது ஷீட்டிலும் நடுக்கோடு போட்டுக்கொண்டால் கோணல் வராது. தையலுக்கு ஓரம் விட்டு வெட்டச் சொல்லுங்கள். "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் சார்" என்று பதில் வந்தால் வேறு கடை பார்ப்பது நல்லது.

அடுத்தது, குண்டூசி. துணியில் குத்திய ஓட்டை மூடிக்கொள்ளும், பிவிசி ஷீட்டில் மூடாது. மழைத்தண்ணீர் அந்த வழியாகவே இறங்கும். துணி காயப்போடும் கிளிப்பே போதும். தையலும் நெருக்கமாக விழக்கூடாது. உறுதியாக இருக்கும் என்று நெருக்கித் தைத்தால், தபால்தலைத் தாள் மாதிரி அந்த வரிசையிலேயே கிழிந்து வரும். நூல் பாலியஸ்டராக இருக்கட்டும். பருத்தி நூல் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறி இற்றுவிடும்.

சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஷீட் வாங்கும்போது, டேபிள் மேல் விரிக்கும் ரகத்தைத் தலையில் கட்டிவிடப் போகிறார்கள். முக்கால் மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை தடிமன் இருக்க வேண்டும். ஷீட்டைக் கை நீட்டிப் பிடித்து, எதிர்க்கடை போர்டை அதன் வழியாகப் படித்துப் பாருங்கள். லேசாகச் சாய்த்ததும் எழுத்து நெளிந்தால் வேண்டாம். ராத்திரி பின்னால் வரும் வண்டியின் ஹெட்லைட்டும் அப்படித்தான் நெளியும். புகைநிற ஷீட் பார்க்க அழகுதான். ஆனால் பின்பக்கக் கண்ணாடி 70 சதவீத வெளிச்சத்தையாவது விட வேண்டும் என்பது விதி. கருப்பு ஃபிலிமை 2012-இல் உச்ச நீதிமன்றமே தடுத்த பிறகு இதற்காக போலீஸிடம் நிற்பானேன்?

சின்னக் கீறலை இன்ஸ்டன்ட் பசையால் ஒட்டப் பார்க்காதீர்கள், சுற்றிலும் வெள்ளையாகப் பூத்துவிடும்.

மாற்றிய பிறகு காய்ந்த துணியால் தூசி தட்டாதீர்கள். நிறைய தண்ணீர், கொஞ்சம் ஷாம்பு, அவ்வளவுதான். அம்மோனியா கலந்த கிளீனரோ தின்னரோ பட்டால் மங்கிவிடும். டாப்பை மடிக்கும்போது ஷீட்டுக்கு நடுவே ஒரு பருத்தித் துண்டு வையுங்கள், இல்லாவிட்டால் வெயிலில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.