கரி வினையூக்கியில் இல்லை, தெர்மோகப்பிளில் இருந்தது

எஸ்பிஏ-15 என்ற சிலிக்கா வகையின் நுண்துளைகளில் வினையூக்கியாக நிக்கல் ஏற்றி, மீத்தேனையும் கார்பன் டை ஆக்சைடையும் 750 டிகிரி செல்சியஸில் சின்காஸாக (கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் கலவை) மாற்றும் வேலை. ஒவ்வொரு ஓட்டத்திலும் சில மணி நேரத்தில் நுழைவழுத்தம் ஏறும், அப்புறம் வினை நடக்கும் குவார்ட்ஸ் குழாய் அடைத்துக்கொள்ளும். விசித்திரம் என்னவென்றால், மீத்தேன் மாற்றம் கடைசி வரை குறையவே இல்லை.

நிக்கலில் கரி படியும் என்பது ஊரறிந்த சங்கதி. நிக்கலைப் பாதியாக்கினேன், லாந்தனம் சேர்த்தேன், கார்பன் டை ஆக்சைடைக் கூட்டினேன். அடைப்பு கொஞ்சம் தள்ளிப்போனது, அவ்வளவுதான். பயன்படுத்திய வினையூக்கித் தூளை டிஜிஏவில் (சூடாக்கிக்கொண்டே எடையை அளக்கும் கருவி) எரித்தால் எடை இழப்போ சொற்பம்; அதாவது எரிய அதில் கரியே அதிகமில்லை.

கடைசியில் குழாயைக் கொட்டாமல் முழுசாகக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். வினையூக்கிப் படுகை சுத்தம். அதற்குக் கீழே, வாயு குளிர்ந்து வெளியேறும் பகுதியில், வெப்பநிலை அளக்க அடியிலிருந்து செருகிய தெர்மோகப்பிளின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உறையைச் சுற்றி, பஞ்சுபோல் கரி. படுகையில் உருவான கார்பன் மோனாக்சைடு 500-600 டிகிரிக்கு இறங்கும்போது கரியாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரியவே விரும்பும். உறையிலுள்ள இரும்பும் நிக்கலும் அதற்குக் கைகொடுக்கின்றன. வினையூக்கியே இல்லாமல் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் கலவையை மட்டும் விட்டேன்; உறையில் அதே கரி.

ஒரு முனை மூடிய குவார்ட்ஸ் குழாய்க்குள் தெர்மோகப்பிளை இறக்கினேன். வெப்பநிலை கொஞ்சம் தாமதமாகக் காட்டுகிறது, பரவாயில்லை. பழைய வினையூக்கியே இரவு முழுக்க ஓடியது, அழுத்தம் அசையவில்லை.