பெடல் மிதித்த காலில் வந்த புண்

அப்பா புது மண்டபத்தில் நாற்பது வருடம் துணி தைத்தவர். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் கட்டிய அந்தக் கல்மண்டபத்தில் ஒரு தூணை ஒட்டி அவருடைய மிஷின். வலது காலின் முன்பாதம்தான் பெடலை அழுத்தும். பெருவிரலுக்குக் கீழே அந்த இடத்தில் எப்போதும் ஒரு காய்ப்பு இருக்கும். கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய பிறகு ஒரு நாள் காலையில், எங்கள் வீட்டுத் தரையில் திட்டுத் திட்டாக ரத்தம். தடத்தைப் பார்த்துக்கொண்டே போனால், அப்பா காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். காய்ப்புக்கு அடியில் புண். அவருக்குத் தெரியவே இல்லை. சுகர் வந்து பதினான்கு வருடம்.

அந்தப் புண் ஆற ஏழு மாதம் ஆயிற்று. அதில் மூன்று மாதம் நாங்கள் தப்பாகச் செய்ததால் போனது. வேறு யாருக்கும் அப்படிப் போகக் கூடாது.

முதலில் ஒன்று. சுகர் உள்ளவர் காலில் எவ்வளவு சின்னப் புண் வந்தாலும் டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் வீட்டு வைத்தியம், கட்டு எல்லாம். புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ, கால் வீங்கிச் சுட்டாலோ, நாற்றம் வந்தாலோ, விரல் கறுத்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ அன்றைக்கே போங்கள். வெள்ளிக்கிழமை கழியட்டும், அமாவாசை போகட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள்.

நாங்கள் செய்த தப்பு என்ன? மருந்தை மாற்றிக்கொண்டே இருந்தோம். மஞ்சள் பொடி, காபித் தூள், கடையில் கொடுத்த பவுடர், நுரை பொங்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு. அப்பா ஒரு கையால் புண்ணுக்குப் பவுடர் போட்டுக்கொண்டு, அதே காலால் பெடல் மிதித்துக்கொண்டிருந்தார்.

பிறகு பார்த்த டாக்டர் அப்பாவைக் கண்ணை மூடச் சொன்னார். தூரிகை முடி மாதிரி ஒரு நைலான் இழையை எடுத்து, அது வளையும் வரை பாதத்தில் அழுத்தினார். பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் இழையாம் அது. ஒரு இடம், இரண்டு, நான்கு. அப்பா கண்ணை மூடியபடியே, "எப்ப டாக்டர் தொடுவீங்க?" என்றார். வாழ்நாள் முழுக்க நூலை விரலால் தடவியே தரம் சொன்ன மனிதர். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்போது டாக்டர் விளக்கியதுதான் எனக்குக் கண்ணைத் திறந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட் என்ற டாக்டர் தொழுநோயாளிகளைப் பார்த்துவந்தார். அவர்களுடைய சதையே கெட்டது, அதனால்தான் புண் ஆறாது என்று எல்லோரும் நம்பிய காலம். அவர் கண்டது வேறு. சதையில் குறை இல்லை. வலி தெரியாததால் அடிபட்ட இடத்திலேயே திரும்பத் திரும்ப அடிபடுகிறது. நமக்குக் காலில் முள் குத்தினால் நொண்டி நொண்டி நடப்போம். அந்த நொண்டல்தான் பாதி மருந்து. உணர்ச்சி போன கால் நொண்டாது. சுகர் காரர்களுக்கும் இதே கதைதான்.

ஆகவே கட்டை விட முக்கியம், புண் மேல் பாரம் விழாமல் பார்ப்பது. அப்பாவை வேலைக்குப் போகாதீர்கள் என்று சொல்ல முடியாது. அது அவர் உயிர். மிஷினுக்கு மோட்டார் மாட்டினோம். அதன் மிதியை இடது காலுக்கு நகர்த்தினோம். பழக ஒரு வாரம் ஆயிற்று, தையல் கோணலாகப் போய் இரண்டு ஜாக்கெட்டைப் பிரித்துத் தைத்தார். காஜா, பட்டன், ஹெம்மிங் மாதிரிக் கைவேலைகளை அதிகமாக எடுத்துக்கொண்டார். வலது கால் ஒரு முக்காலி மேல், குதிகாலுக்கு அடியில் துணிச் சுருள், புண் எதிலும் படாமல். நடப்பதற்கு டாக்டர் எழுதிக்கொடுத்தபடி, புண்ணிருக்கும் இடத்தில் பள்ளம் வைத்த, மெத்தென்ற ரப்பரில் செய்த எம்.சி.ஆர். செருப்பு. வீட்டுக்குள்ளும் அதுதான். பாத்ரூமுக்கு நாலு எட்டுதானே என்று வெறுங்காலில் போனால், அந்த நாலு எட்டு ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று எண்ணிப் பாருங்கள்.

சரி, கட்டு. கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். பழைய காஸ் துணி புண்ணில் ஒட்டியிருந்தால் பிய்க்கக் கூடாது. புதிதாக வந்த தோலும் கூடவே வந்துவிடும். நார்மல் சலைன், அதாவது மருந்துக்கடையில் கிடைக்கும் சுத்தமான உப்புநீர், ஊற்றி ஊறவிட்டால் தானாக விடும். சலைனாலேயே புண்ணைக் கழுவினால் போதும். டெட்டாலும் பெராக்சைடும் கிருமியோடு சேர்த்து நல்ல செல்லையும் கொல்லும். "காத்தாட விடு, காயட்டும்" என்று எங்கள் தெருவே சொன்னது. 1962-லேயே ஜார்ஜ் விண்டர் என்பவர் பன்றித் தோலில் சோதித்து, மூடி ஈரமாக வைத்த காயத்தில் புதுத் தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக வளர்வதைக் காட்டிவிட்டார். காய்ந்த பொருக்குக்கு அடியில் தோல் வழி தேடித் திணறுகிறது. ஈரம் என்றால் சொதசொத ஈரம் இல்லை. புண்ணின் ஓரம் வெளுத்து ஊறிப்போயிருந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம். விரல் இடுக்கைத் துடைத்துக் காய வைக்க வேண்டும். வெந்நீரில் காலை வைக்கவே கூடாது. சூடு தெரியாமல் வெந்துவிடும்.

வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை, புண் மேல் சுத்தமான பிளாஸ்டிக் தாளை வைத்து மார்க்கரால் ஓரத்தை வரைந்துகொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அதை அப்பாவே கத்தரியால் வெட்டி, தேதி எழுதி, ஜாக்கெட் அளவுத் தாள்கள் வைக்கும் டப்பாவில் அடுக்கினார். நான்கு வாரத்தில் பரப்பு பாதியாகக் குறையவில்லை என்றால் செய்வதில் ஏதோ கோளாறு, டாக்டர் மறுபடி பார்க்க வேண்டும். எங்களுக்குக் குறையவில்லை. சுற்றியிருந்த காய்ப்பைச் சீவினால்தான் ஆறும் என்று டாக்டர் சீவிவிட்டார். அதன் பிறகுதான் தாள்கள் ஒவ்வொன்றாகச் சிறுத்தன. அந்தச் சீவலை வீட்டில் பிளேடால் செய்யாதீர்கள்.

முட்டை, பருப்பு, சுகர் மாத்திரை, பீடியை விடுவது பற்றி டாக்டரே சொல்வார். அவர் சொல்ல மறக்கக்கூடிய ஒன்று, கவலை. 1995-ல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில், ஞாபகமறதி நோய் வந்த சொந்தக்காரரைப் பராமரிக்கும் பெண்களுக்குக் கையில் ஒரே அளவில் சின்னக் காயம் செய்து பார்த்தார்கள். மற்றவர்களுக்கு ஆற சராசரி 39 நாள், இவர்களுக்கு 48 நாளுக்கு மேல். அப்பா மண்டபத்தை விட்டு வந்த துக்கத்தில் தூங்காமல் கிடந்த இரவுகளை நான் அப்புறம்தான் நினைத்துப் பார்த்தேன். கட்டு மாற்றும் நேரத்தில் பழைய வாடிக்கையாளர்கள் கதையைக் கேட்க ஆரம்பித்தேன். பார்த்துக்கொள்கிறவர்களே, நீங்களும் தூங்குங்கள்.

ஆறிய பிறகும் விடக் கூடாது. ஆறிய இடத்தின் தோலுக்குப் பழைய பலம் முழுசாகத் திரும்பாது, ஏறக்குறைய 80 சதவீதம்தான். ஆறியவர்களில் 40 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்துக்குள் மறுபடி வருகிறது. சித்திரை வெயிலில் கோயில் கல்லில் வெறுங்காலோடு நடக்காமல், அப்பாவைக் காலை நடை திறக்கும்போதே தடித்த பருத்திச் சாக்ஸ் போட்டுக் கூட்டிப் போகிறோம். செருப்பு மாட்டும் முன் கவிழ்த்துத் தட்டுவார். தையல்கடையில் உடைந்த ஊசி, குண்டூசி எங்கே வேண்டுமானாலும் கிடக்கும். போன மாதம் ஒன்று விழுந்தது. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் என் மகள் முகம் பார்க்கும் கண்ணாடியை அவர் பாதத்துக்குக் கீழே பிடிப்பாள். "தாத்தா, விரலை விரிங்க" என்பாள். அவர் விரிப்பார்.